சக்கரம் பளபளக்க திராவகமா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். "வாட்டர் சர்வீஸ்" வாசலில் கார்கள் வரிசையாக நிற்கும். வேன் நிற்கும். ஆட்டோ நிற்கும். பின்னால் ஒரு லாரியும் நிற்கும்.

எல்லோருக்கும் அவசரம். எல்லோருக்கும் ஒரே ஆசை. வண்டி புத்தம் புதிது போல மின்ன வேண்டும்!

காரின் உடம்பு சீக்கிரம் மின்னிவிடும். தண்ணீரும் சோப்பும் போதும். மின்னாமல் அடம் பிடிப்பது சக்கரம்தான். கறுப்பாக ஒன்று அப்பிக்கொண்டிருக்கும். தேய்த்தாலும் போகாது.

"சார், வீல் சரியா வரல. ஆசிட் அடிக்கட்டுமா?" என்று கேட்பான், கழுவுகிற பையன்.

"எதையாவது அடிப்பா. பளபளன்னு வந்தா சரி" என்பார் காருக்கு உரியவர்.

இப்படிச் சொல்வது தவறு என்பது நம் கருத்து. சக்கரத்துக்கும் கெடுதல். அந்தப் பையனின் கைக்கும் கண்ணுக்கும் அதைவிடப் பெரிய கெடுதல். எப்படி என்று பார்ப்போம்.

கறுப்பு எங்கிருந்து வந்தது?

சக்கரத்தில் படிவது வெறும் தெருப் புழுதி அல்ல. புழுதியாக இருந்தால் தண்ணீரிலேயே போய்விடும். அது பிரேக் தூள்.

பிரேக்கை மிதித்தால் என்ன நடக்கிறது? சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வார்ப்பிரும்புத் தட்டு சுற்றுகிறது. அதை இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகள் கவ்விப் பிடிக்கின்றன. அவற்றுக்கு பிரேக் பேட் என்று பெயர். அந்த உராய்வில்தான் வண்டி நிற்கிறது. அதே உராய்வில் பேடும் தேய்கிறது. இரும்புத் தட்டும் தேய்கிறது. தேய்ந்த தூள் சூட்டோடு பறந்து வந்து பக்கத்தில் இருக்கும் சக்கரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

அந்தத் தூளில் இரும்பு இருக்கிறது. கரி இருக்கிறது. பேடு செய்யப் பயன்படும் பிசினும் இருக்கிறது. ஈரம் பட்டதும் இரும்புத் தூள் துருப்பிடிக்கும். துருப்பிடித்துவிட்டால் சக்கரத்தை விட்டு லேசில் போகாது.

முன் சக்கரம்தான் அதிகமாகக் கறுக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. ஆகவே முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். நம்பாதவர்கள் ஈரமான வெள்ளைத் துணியால் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் துடைத்துப் பார்க்கலாம். (மின்சாரக் காரில் இந்தத் தொல்லை குறைவு. அதில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும் பங்கை மோட்டாரே பார்த்துக்கொள்கிறது.)

ஒரு வாரத்துத் தூள் சோப்புத் தண்ணீரில் போய்விடும். ஒரு வருஷத்துத் தூள் போகாது. பூஜைக்குப் பூஜை மட்டும் சக்கரத்தைக் கவனிக்கிறவர்கள்தான் திராவகத்தைத் தேடுகிறார்கள்.

மாமியாருக்குத் தெரிந்த ரசாயனம்

"அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைக்காதே" என்று மருமகளிடம் மாமியார் சொல்வார். ஏன்? புளியில் அமிலம் இருக்கிறது. அமிலம் அலுமினியத்தை அரிக்கும்.

அதே சட்டியைச் சலவைச் சோடா போட்டுக் கழுவிப் பாருங்கள். கறுத்துவிடும். சோடா அமிலத்துக்கு நேர் எதிர். அதற்குக் காரம் என்று பெயர். அலுமினியத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது.

இப்போது காருக்கு வருவோம். "அலாய் வீல்" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது பெரும்பாலும் என்ன உலோகம்? அலுமினியம்தான்!

புளிக்கே தாங்காத உலோகத்தில் திராவகத்தை ஊற்றினால் என்ன ஆகும்?

புதுச் சக்கரத்துக்கு மேலே பெயிண்டும், அதற்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சும் உண்டு. அவை உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கின்றன. ஆனால் தெருவில் ஓடும் சக்கரத்தில் கல் தெறிக்கிறது. நடைபாதைக் கல்லில் உரசுகிறது. பூச்சில் கீறல் விழுகிறது. அந்தக் கீறல் வழியே திராவகம் உள்ளே நுழைகிறது. அன்றைக்குப் பளபளக்கும். பிறகு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். மேல்பூச்சு தோல் உரிவது போல உரியும். உரிந்த இடத்தில் அழுக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். அழுக்குப் போக மறுபடியும் திராவகம்!

சக்கரத்தோடு போவதும் இல்லை. நட்டு, போல்ட்டு, பிரேக் தட்டு எல்லாவற்றிலும் துரு ஏறும். குளியல் அறையில் அடிக்கடி ஆசிட் ஊற்றிக் கழுவும் வீட்டில் குழாயைப் பாருங்கள். ஆசிட் நேராகப் படாத குழாய்கூட ஆவி பட்டே கறுத்துப்போயிருக்கும்.

இந்த ஆசிட் என்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பினாயிலோடு சேர்த்து சைக்கிளில் வைத்துத் தெருத் தெருவாகக் கூவி விற்கும் சரக்கு அதுதான். திராவகத்தைக் கண்டபடி விற்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பெண்கள் மீது திராவகம் வீசும் கொடுமை பற்றிய வழக்கு அது. வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் ஏட்டில் எழுத வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கவே கூடாது என்றது அந்த உத்தரவு. சைக்கிளில் விற்பவரிடம் ஏட்டை எங்கே தேடுவது?

கடையில் எதைக் கேட்பது?

வீல் கிளீனர் என்று கடைகளில் பல பாட்டில்கள் இருக்கின்றன. விலையையும் படத்தையும் பார்த்து வாங்குகிறோம். பார்க்க வேண்டியது அதுவல்ல. உள்ளே இருப்பது அமிலமா, காரமா, இரண்டும் இல்லையா என்பதுதான்.

"பி.எச். நியூட்ரல்" என்று போட்டிருந்தால் அது அமிலமும் அல்ல, காரமும் அல்ல. பி.எச். என்பது ஒரு அளவு. சாதாரணமாக 0 முதல் 14 வரை. சுத்தமான தண்ணீர் நடுவே 7-ல் நிற்கும். 7-க்குக் கீழே போகப் போக அமிலம். மேலே போகப் போகக் காரம். பூஜை அன்று சக்கரத்துக்கு அடியில் வைக்கிறோமே எலுமிச்சம்பழம், அதன் சாறு ஏறக்குறைய 2. வீட்டுக் காருக்கு இந்த நடுநிலைச் சரக்கே போதும். அதுவும் இல்லையா? கார் ஷாம்பு போதும்.

இன்னொரு வகை, இரும்புத் தூளைக் கரைப்பதற்கென்றே செய்தது. "அயர்ன் ரிமூவர்" என்பார்கள். இதை அடித்ததும் சக்கரத்திலிருந்து ஊதா நிறமாக ஒழுகும். பார்த்தால் ரத்தம் ஓடுவது போலப் பயமாக இருக்கும். பயப்பட வேண்டாம். மருந்து இரும்போடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. நாற்றம்தான் தாங்காது, அழுகிய முட்டை கெட்டது! அழகு நிலையத்தில் முடியைச் சுருள வைக்கப் பூசும் மருந்தும் இந்த வகைதான். வருஷத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் இது தேவைப்படாது. இதற்கும் கையுறை வேண்டும். காய விடக் கூடாது.

மூன்றாவது, கடுமையான காரச் சரக்கு. அதில் காஸ்டிக் சோடா இருக்கலாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். கண்ணில் தெறித்தால் பார்வை போகும். வேண்டாம்.

இன்னும் சிலர் மண்ணெண்ணெயும் டீசலும் போட்டுத் துடைக்கிறார்கள். பிரேக் தட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. இதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

கடைசி வகை அமிலம். அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும்.

வலிக்காமல் கொல்லும் திராவகம்

நெருப்புச் சுட்டால் உடனே கையை எடுக்கிறோம். வலிதான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் பட்டவுடன் வலிக்காத ஒரு திராவகம் இருக்கிறது!

அதன் பெயர் ஹைட்ரோபுளோரிக் அமிலம். கண்ணாடியையே அரிக்கும். அதனால் அதைக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்க முடியாது. உலோகக் கறையையும் துருவையும் நொடியில் எடுக்கும். எனவேதான் உலகத்தில் பல இடங்களில் சக்கரம் கழுவும் சரக்கிலும், லாரியின் அலுமினியத்தை மினுக்கும் சரக்கிலும் இதைச் சேர்க்கிறார்கள்.

தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்த இந்த அமிலம் தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. வேலை செய்கிறவர் தொடர்ந்து வேலை செய்துகொண்டே இருப்பார். வீட்டுக்குப் போவார். சாப்பிடுவார். சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, வலி தொடங்கும். அதற்குள் அமிலம் தோலைத் தாண்டிச் சதைக்குள் இறங்கியிருக்கும். எலும்பு வரை போகும்.

உடம்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அது பிடித்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்து எலும்புக்கு மட்டும் வேண்டியது அல்ல. இதயம் துடிப்பதற்கும் ரத்தத்தில் அது வேண்டும். அது ஒரேயடியாகக் குறைந்தால் இதயம் நின்றுவிடும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாஷிங்டன் என்று ஒரு மாநிலம் உண்டு. தலைநகர் வாஷிங்டன் அல்ல, இது வேறு. அங்கே 2001 முதல் 2013 வரை காரும் லாரியும் கழுவும் வேலையில் 48 பேரை இந்த அமிலம் சுட்டது. 7 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அவர்களில் 2 பேருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. இவர்களைத் தவிர, லாரி கழுவும் தொழிலாளி ஒருவர் இந்தச் சரக்கு வயிற்றுக்குள் போய் இறந்தே போனார். அந்த நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 2015-ல் இந்த விவரத்தை வெளியிட்டது.

கையுறையும் கண்ணாடியும் சட்டமும் உள்ள நாட்டில் இந்த நிலை!

ஆகவே பாட்டிலில் "ஹைட்ரோபுளோரிக்" என்ற பெயர் இருந்தால் வாங்காதீர்கள். "அமோனியம் பைபுளோரைடு" என்று இருந்தாலும் வாங்காதீர்கள். இது அதற்குத் தம்பி. தண்ணீரில் கரைந்தால் அதே அமிலம்தான் வரும். பெயரே இல்லாத கேனில் ஊற்றி, "கெமிக்கல் சார், சூப்பரா போகும்" என்று விற்றால், அதைத் தொடவே தொடாதீர்கள்.

"பழகிப் போச்சு சார்!"

வாட்டர் சர்வீஸில் வேலை செய்யும் தம்பிகளின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? ஊறிப்போய் வெளுத்திருக்கும். விரல் இடுக்கில் வெடிப்பு. காலில் ரப்பர் செருப்பு. சிலர் வெறுங்காலோடு நிற்பார்கள்.

ஒரு தம்பி சின்ன வாளியில் ஆசிட்டை ஊற்றி, பழைய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுச் சக்கரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் நெடி ஏறியது. "கை எரியலையா தம்பி?" என்று கேட்டோம்.

"முதல்ல எரிஞ்சுது. இப்ப பழகிப் போச்சு சார்" என்றார்.

எது பழகும்? வெயில் பழகும். பசிகூடக் கொஞ்சம் பழகும். திராவகம் பழகாது. தோல் செத்தால் எரிச்சல் தெரியாது. அதைப் பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நுரையீரலும் அப்படித்தான். ஆவியை முகர்ந்து முகர்ந்து இருமல் வந்தால், "குளிர்ந்த தண்ணியில நிக்கிறேன், சளி" என்பார்கள்.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை, பக்கம் மூடிய கண்ணாடி, ரப்பர் பூட்ஸ் - இந்த மூன்றும் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவு அல்ல. ஒரு நல்ல பம்புக்குக் கொடுக்கும் விலையில் எத்தனையோ பேருக்கு வாங்கலாம். பம்பு கெட்டால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறீர்களே!

ஆனால் முதலாளியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பளபளப்பைக் கேட்கிறவர்கள் நாம். "ஆசிட் வேண்டாம் தம்பி, சோப்புப் போட்டுத் தேய். கொஞ்சம் கறை இருந்தாலும் பரவாயில்லை" என்று காரில் வருகிறவர் சொன்னால் போதும். அந்த வாளி அங்கே வராது. உங்கள் சக்கரத்துக்கும் அதுதான் நல்லது. சொல்லக் காசு ஒன்றும் ஆகாது.

தமிழில் எழுதினால் என்ன?

இந்த அபாயம் எல்லாம் பாட்டிலிலேயே எழுதியிருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். எழுதியிருக்கிறது. எறும்பு சைஸ் எழுத்தில். இங்கிலீஷில்!

அந்தப் பாட்டிலைத் திறக்கப் போவது யார்? தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு தொழிலாளி. அல்லது அப்பாவுக்கு ஒத்தாசை செய்யும் பள்ளிப் பையன். சோப்பை விற்கத் தமிழில் விளம்பரம் செய்யத் தெரிகிறது. "கண்ணில் படக் கூடாது" என்று தமிழில் அச்சடிக்க மட்டும் தெரியாதா? தமிழ்நாட்டில் விற்கும் இப்படிப்பட்ட ஒவ்வொரு பாட்டிலிலும் எச்சரிக்கை தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அரசாங்கம் இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

அதுவரை ஒரு படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது உலகம் முழுவதற்கும் பொதுவான அடையாளம். சிவப்புக் கோட்டுக்குள் சாய்ந்த சதுரம். அதற்குள் இரண்டு குழாயிலிருந்து சொட்டுகள் விழும். ஒரு சொட்டு கையில். ஒரு சொட்டு இரும்புப் பட்டையில். இரண்டும் அரித்துப்போனது போல இருக்கும். "தோலையும் உலோகத்தையும் தின்னும்" என்று அர்த்தம். மண்டை ஓட்டுப் படம் இருந்தால் அது விஷம். எழுத்தே தெரியாதவருக்கும் இந்தப் படங்கள் புரியும். பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

வீட்டிலேயே கழுவுவது

வாரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரம் ஒதுக்கினால் எந்தத் திராவகமும் வேண்டாம்.

காலை நேரம் நல்லது. வண்டி ஓடி நின்ற உடனே கழுவக் கூடாது. கை வைத்தால் சுடாத அளவு சக்கரம் ஆறட்டும். சூட்டில் மருந்து உடனே காய்ந்து, கறையாகப் பதிந்துவிடும்.

முதலில் தண்ணீர். தாராளமாக ஊற்றுங்கள். காய்ந்த சக்கரத்தைப் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. காற்று அடித்தும் ஊதக் கூடாது. தூள் மூக்குக்குள் போகும். பழைய பேடுகளில் கல்நார் இருந்தது உண்டு. அது நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரும்.

பிறகு சோப்புத் தண்ணீரோ நடுநிலைக் கிளீனரோ போடலாம். ஒரு சமயத்தில் ஒரு சக்கரம் மட்டும். நாலுக்கும் அடித்துவிட்டு முதல் சக்கரத்துக்கு வந்தால் அது காய்ந்திருக்கும். புது மருந்தாக இருந்தால், சக்கரத்தின் உள்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கொஞ்சம் போட்டுப் பாருங்கள். நிறம் மாறாவிட்டால் மற்ற இடத்துக்குப் போகலாம். மென்மையான பிரஷ் போதும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கூடவே கூடாது.

சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. அதே துணியால் காரின் உடம்பைத் துடைத்தால் இரும்புத் தூள் பெயிண்டைக் கீறிவிடும். கோலம் போட்டது போல வட்டம் வட்டமாகத் தெரியும்.

தண்ணீர் விட்டு நன்றாக அலசுங்கள். கிளீனர் போட்ட தண்ணீர் கிணற்றடிக்கும் செடிக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் துடைத்த பின் வண்டியை மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று தடவை பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஈரப் பிரேக் முதலில் சரியாகப் பிடிக்காது.

கலர் பாட்டிலில் ஆசிட்

தாய்மார்கள் இதை மட்டுமாவது கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆசிட்டையோ கிளீனரையோ குடிக்கும் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். கலர் பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றி, மாடிப்படிக்குக் கீழே வைக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது என்ன என்று தெரியுமா? வந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். உயரத்தில் இருக்கட்டும். பூட்டி வைத்தால் இன்னும் நல்லது.

ஒன்றோடு ஒன்றைக் கலக்கவும் கூடாது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். மூச்சு அடைக்கும்.

தோலில் பட்டுவிட்டதா? மஞ்சள், இங்க், பற்பசை எதுவும் தடவ வேண்டாம். நனைந்த துணியைக் கழற்றிவிட்டு உடனே குழாய்த் தண்ணீரைக் கொட்டுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து 20 நிமிஷம் தண்ணீர் விட வேண்டும். வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வரும் வழியில் மறுபடியும் தொண்டையைச் சுடும். 108-க்குப் போன் செய்யுங்கள்.

பட்டது புளோரைடு வகை என்றால், வலி இல்லாவிட்டாலும் தண்ணீர் விட்டுக் கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அதற்கு கால்சியம் குளுக்கோனேட் என்று தனி மருந்து இருக்கிறது. எந்தத் திராவகம் என்று தெரிந்தால்தான் டாக்டர் அந்த மருந்தைக் கொடுக்க முடியும். எனவே புறப்படும்போது அந்தப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.